பச்சைப் பேனா

வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், டோல்கேட்டில் மும்தாஜ் அக்கா நடத்திய பிரவுசிங் சென்டர்தான் எனக்குக் கதி. அங்கே மூன்றாவது மிஷினில், நெட்டிலிருந்து ஓர் இலவச எடிட்டரை இறக்கி வைத்திருந்தேன். புரோகிராம் எழுத எழுத, சொற்களை நீலம், சிவப்பு, பச்சை என்று பிரித்துக் காட்டும். அந்த நிறமெல்லாம் நம் கண்ணுக்குத்தான். கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்லை.

இன்டர்வியூவில் காட்ட வேண்டிய புரோகிராமையும் அந்த மிஷினிலேயே வைத்திருந்தேன். நகல் எடுக்கச் சோம்பல். இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் போய்ப் பார்த்தால் எடிட்டரும் இல்லை, புரோகிராமும் இல்லை.

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "வைரஸ் வந்து ஒரே பேஜாரும்மா. எல்லாத்தையும் அழிச்சாதான் ஆவும்னுட்டாரு சர்வீஸ்காரரு. ஃப்ளாப்பியும் எடுக்கல, நெட்டும் இல்ல. உன்னுது வேலை சமாச்சாரமாச்சே, அதான் பாத்து எழுதி வச்சுகீறேன்" என்று ஒரு நோட்டை நீட்டினார்.

ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர். ஆறு பக்கம், ஓர் அடைப்புக்குறி விடாமல், திரையில் இருந்தபடியே மூன்று நிறத்தில் எழுதியிருந்தார்.

"பச்சைப் பேனா வூட்ல இல்ல. கடைக்குப் போய் வாங்கியாந்தேன். கலரு மாறுனா ஓடாதில்ல?"

"ஓடாதுக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை திருத்தவில்லை.