பூவரசுக்குக் கீழே ஒரு பாய்

செய்தி வந்தபோது நான் பூங்காவின் அரளிப் பாத்தியில் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தேன். போனில் செல்வி, தேசம்மா அக்காவின் மகள். "லில்லிக்கா, அம்மா பூட்சிக்கா" என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு மிச்சப் பாத்தியையும் தட்டி, குழாயை இழுத்து வந்து எல்லாச் செடியையும் கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். கூட வேலை செய்தவள் சாவு வீட்டுக்கு ஓடி வராமல் செடி கழுவிக்கொண்டு நின்றாளாம் என்று இரண்டொருவர் பேசினார்கள். பேசட்டும். பாதியில் விட்டுப் போயிருந்தால் அக்காவே எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்.

எங்கள் பூங்கா எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கக் காற்று உப்பைக் கொண்டுவரும், மறு பக்கக் காற்று அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுச் சாம்பலை. வேறு பூங்காக்களில் வேருக்குத் தண்ணீர் விட்டால் வேலை முடிந்தது. இங்கே இலையையும் குளிப்பாட்ட வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. காய்ந்த சாம்பலை முதலில் துடைப்பத்தால் தட்டி உதிர்க்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். தட்டாமல் தண்ணீர் தெளித்தால் சாம்பல் குழைந்து, வெயில் ஏறியதும் இலைமேல் இறுகிவிடும். இந்த முறையைக் கண்டுபிடித்த கதையை அக்கா புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார்: "நான் வேலைக்கு வந்த புதுசுல ஒரு பாத்தி குரோட்டன்ஸு. சொம்மா தண்ணியத் தெளிச்சிட்டுப் பூட்டேன். சாய்ங்காலம் வந்து பாக்குறேன், அல்லாம் சிமிட்டி பூசுன மாரி நிக்கிது. அத்தினியும் நான் கட்ன சமாதி. அப்ப கத்துக்கினது இது. மொதல்ல தட்டு, அப்பால கய்வு." சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரிப்பார்.

அவரிடம் ஒரு கோரைப்பாய் இருந்தது. கருவி அறையில் மண்வெட்டிகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருப்பார். சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பூங்கா நடுவில் நிற்கும் பூவரசுக்குக் கீழே விரித்து, சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று எந்தப் புண்ணியவானோ போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டான். சூப்பர்வைசர் விசாரிக்க வந்தார். அக்கா எழுந்துகூட உட்காரவில்லை. "சோறு துன்ற நேரம் என்னுது நைனா. அதுல நான் துன்னுவேன், தூங்குவேன். தூங்கல, மரத்தப் பாத்துகினு கீறேன். அதோ அந்தக் கெள காஞ்சிகினு வருது, பாரு." சூப்பர்வைசர் அண்ணாந்து பார்த்தபடியே நகர்ந்து போனார். எனக்குக் காய்ந்த கிளை எதுவும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டேன். "கெளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல பாத்துகினே போவட்டும்னு சொன்னேன்" என்றார்.

லாரிக்காரர்களோடு அவருக்கு இருந்த சண்டை உங்களில் பலருக்குத் தெரியும். வரிசை நகராத நாளில் அவர்கள் நிழல் தேடி உள்ளே வருவார்கள். ஒருவர் முகம் மழிக்கக் கண்ணாடி மாட்டவென்று பூவரசில் ஆணி அடித்துவிட்டார். அக்கா அவருடைய லாரியிலிருந்தே குறடு எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கினார். "கண்ணாடி மாட்டணுமா? குடு, நான் புட்சிகினு நிக்கிறேன். நீ மரத்துல ஆணி அடிச்சா நான் ஒன் டயருல அடிப்பேன் மாமு." சொன்னபடி அந்த மனிதர் மழித்து முடிக்கும்வரை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனிதருக்குக் கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தாலே "அக்கா கீறாங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குவார்.

அந்தத் தோஸ்து உதவிய நாளும் வந்தது. பூங்காவை அழகுபடுத்தக் கிளம்பினார்கள். நடுவில் நீரூற்று வேண்டுமாம், நடுவில் நிற்பதோ பூவரசு. ஒரு மதியம் காண்டிராக்டரின் ஆட்கள் மரம் அறுக்கிற மிஷினோடு வந்து நின்றார்கள். அக்கா கருவி அறைக்குப் போய்ப் பாயை எடுத்து வந்து, வழக்கமான இடத்தில் விரித்துப் படுத்தார்.

மேஸ்திரி கெஞ்சினார். "யம்மா, எய்ந்திரு. மரம் மேல வியும்."

"அதுவா வியாது. நீ அறுத்தாதான் வியும்."

"எங்களுக்கு வேல கீதும்மா."

"எனக்கு இப்ப சோத்து நேரம். முடியட்டும், எய்ந்துக்கிறேன்."

முடிந்ததும் சொன்னபடி எழுந்தார். அடுத்த இடைவேளை என்னுடையது. பாயைக் காட்டி "படு" என்றார். காண்டிராக்ட் வேலையில் நாளை முதல் வராதே என்று ஒருவர் சொன்னால் அதோடு முடிந்தது. பயமாயிருக்கிறது என்று காதில் சொன்னேன். "பயம் கீதா? இர்க்கட்டும். பயத்தோட படு" என்றார். படுத்தேன். எனக்குப் பிறகு மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக. கண்ணாடிக்காரர் நான்கைந்து ஓட்டுநர்களைக் கூட்டி வந்து வெறுந்தரையில் படுத்தார். நடைப்பயிற்சிக்கு வருகிற பெரியவர் ஒருவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் சாய்ந்துகொண்டார். வெயில் கொளுத்தக் கொளுத்த, அறுக்க வந்தவர்களுக்கும் ஒதுங்க அந்த ஒரு நிழல்தான் இருந்தது. சோற்று மூட்டையைப் பிரித்து அங்கேயே சாப்பிட்டார்கள். அதில் ஒருவர் பாய் ஓரத்தில் தலை வைத்துக் குறட்டையே விட்டார். சாயங்காலம் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீரூற்று வாசலோரம் ஒதுங்கியது. இப்போது அதில் தண்ணீர் இல்லை, குட்கா பாக்கெட்டுகள் கிடக்கின்றன.

அக்காவைச் சும்மா விடவில்லை. புழல் பக்கம் ஒரு பூங்காவுக்கு மாற்றினார்கள். அங்கே சாம்பல் இல்லை. அவருக்கு ஏற்கெனவே இளைப்பு இருந்தது, அங்கே போனதும் மூச்சு கொஞ்சம் இலகுவானது. போனில் கேட்டால், "செடிங்கோ பளபளன்னு கீது லில்லி. கய்வறதுக்கு ஒண்ணும் இல்ல, பேஜாரா கீது" என்பார். அங்கேயே இருந்துவிடுங்கள் என்று செல்வியும் நானும் மன்றாடினோம். கேட்கவில்லை. தினமும் ஆபீசில் போய் நின்று, சண்டை போட்டு, எங்கள் பூங்காவுக்கே திரும்பி வந்தார். "நான் பொறந்தது நெட்டுக்குப்பம். மூச்சு உடறதுக்கு நான் ஏன் வேற ஊருக்குப் போவணும்? சாம்பலப் போவச் சொல்லு."

சாம்பல் போகவில்லை. கடைசி மாதங்களில் ஒரு பாத்தியைத் தட்டுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தார். "இலையத் தட்டிக் கய்விட்டோம். என் நெஞ்சத் தட்டிக் கய்வ எவன் கீறான்?" என்று ஒரு நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டு நின்ற அன்று பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். புழலிலேயே இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரோ என்று செல்வி கேட்கிறாள். இருந்திருப்பார். அவளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்க வேண்டியது அக்காவை இல்லை, சாம்பலை ஊதுகிற புகைக்கூண்டுக்காரர்களை.

நெட்டுக்குப்பத்தில் அவரைத் தூக்கிய பிறகு, செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் வெளியே எறிகிற வழக்கப்படி செல்வியின் மாமா அந்தக் கோரைப்பாயைச் சுருட்டி எடுத்தார். நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"உடும்மா. செத்தவங்க பாய வூட்ல வெக்கக் கூடாது."

"வூட்ல யாரு வெக்கப் போறா? இது பார்க்குப் பாய். பார்க்குக்குத்தான் போவுது."

அவர் இழுத்தார், நானும் இழுத்தேன். சாவு வீட்டில் இரண்டு பேர் ஒரு பாயை இழுத்துக்கொண்டு நிற்பதைத் தெருவே பார்த்தது. அழுது வீங்கிய முகத்தோடு செல்வி வந்தாள். "குட்த்துடு மாமா. அம்மா இருந்தா ஒன் கைய ஒட்ச்சிருக்கும்" என்றாள். மாமா கையை எடுத்தார்.

பூங்கா வாசலில் யாரோ போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். தேசம்மாவின் ஆன்மா சாந்தியடைய வேண்டுமாம். வேண்டாம். உயிரோடு இருந்தபோதே சாந்தமாக இல்லாதவர், இப்போது மட்டும் எதற்கு? அந்தப் போஸ்டரைத் தாண்டி உள்ளே வந்து பாருங்கள். பூவரசின் அடியில் போன வாரம் அறுப்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இந்த முறை நீரூற்று இல்லை, செல்ஃபி எடுத்துக்கொள்ள மேடை. எந்த நாள் வருவார்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை. அவர் இல்லை, இனி எவள் படுக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மாலை கொண்டுவர வேண்டாம். முடிந்த மதியமெல்லாம் வாருங்கள். பாய் சின்னது, ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் வெறுந்தரையில் படுக்கலாம், முன்பும் படுத்திருக்கிறோம். அக்காவிடமிருந்து எனக்கென்று வந்தது அந்தப் பாய்தான். கருவி அறையில் மண்வெட்டிகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன். மிஷின் சத்தம் கேட்டதும் எடுத்துப் போய் விரிப்பேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடு படுப்பேன்.