மச்சான் நிறுத்திய நாகத்தீவுக் கதை

எழுபதுகளில் நான் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தேன். குளிப்பவனை மேலே தூக்கும் கயிற்றைப் பிடிக்க எங்கள் ஆட்கள் மச்சானைத்தான் நம்புவார்கள். எனக்குக் கயிறு பிடித்தவர் அக்காள் புருஷன். கரை திரும்பும்போது அவர் நாகத்தீவு மந்திரவாதி கதை சொல்லுவார். வள்ளமே வாய் மூடிக் கேட்கும்.

ஒருநாள் கொட்டகையில் ஒரு மாயாஜாலப் படம் பார்த்தேன். அதே தீவு, அதே மந்திரவாதி. மறுநாள் எல்லார் முன்னாலும், "சினிமாவுல பாத்தத உம்ம கதையின்னு அளக்காதிரும், மச்சான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கதையை நிறுத்திவிட்டார்.

பிறகு அக்காள் வீட்டில் ஒரு பழைய புத்தகம் கண்டேன். அட்டையில் அந்தத் தீவு.

"இவருக்குச் சின்ன வயசுல இவரு அப்பா வாசிச்சுக் காட்டுன பொஸ்தகம்லே" என்றாள் அக்காள்.

படத்தைத்தான் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் வள்ளத்தில் கேட்டேன்: "மச்சான், நாகத்தீவுல அப்புறம் என்னாச்சு?"

"கொட்டகையில போயிக் கேளு, மாப்ள."

கடலுக்கடியில் நான் கயிற்றை அசைத்ததும் எப்போதும்போல் உடனே தூக்கினார். மேலே வந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.