முந்திக்கொண்டு சொன்ன நல்ல சேதி

என் அக்கா நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். சும்மா சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால்கூட, "நான் துணி காயப் போட்டேன்ல, அதான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். ஆபீஸில் அவளுக்கு 'ஸாரி மேடம்' என்றே பட்டப்பெயர். "ஊர் உலகத்துல நடக்குற தப்புக்கெல்லாம் நீ ஏஜென்சி எடுத்திருக்கியாக்கா?" என்று எரிந்து விழுவேன். அதற்கும் ஒரு ஸாரி வரும். அப்படிப்பட்டவள் நிஜமாகவே ஒரு தப்புப் பண்ணிவிட்டாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அவள் வேலை பார்ப்பது பொருளாதார அறிஞர்கள் சங்கத்தில். பெயர்தான் பெரிது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு ரூம், கூரை வரைக்கும் பழைய ஆய்விதழ்கள், ஓடும்போது கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு ஃபேன். டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். போகப் போக ஹால் பிடிப்பது, டீ போடுவது, பேச்சாளர் அசந்து தூங்கினால் நாசூக்காக இருமி எழுப்புவது எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. அத்தான் தவறிப்போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். அந்த அறிஞர்களைப் பற்றி என்னிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வேன். விலைவாசி ஏன் ஏறுகிறது என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். டீ டம்ளரைக் கழுவி வைக்க ஒருத்தருக்கும் கை வராது.

வருஷத்துக்கு ஒருத்தருக்கு அந்தச் சங்கம் கௌரவ ஃபெலோஷிப் கொடுக்கும். பணம் காசு எதுவும் கிடையாது. ஒரு கேடயம், ஆண்டுக் கூட்டத்தில் முன்வரிசை நாற்காலி, சுவரில் மாட்டியிருக்கும் மரப்பலகையில் பெயர். அவ்வளவுதான். ஆனால் அதற்காகப் பெரிய பெரிய தலைகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். முன்னொரு காலத்தில் ஒருத்தர் மேடை ஏறி, "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி, சங்கத்தைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு இறங்கிப் போயிருக்கிறார். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. அறிவிக்கும் முன்னால் ஆளுக்கு ஃபோன் போட்டு, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று ரகசியமாகக் கேட்டுவிட வேண்டும். அந்த ஃபோன் போடுவது என் அக்கா வேலை.

அந்த ஒரு ஃபோனுக்காகவே அவள் வருஷம் பூரா அங்கே குப்பை கொட்டினாள் என்றுகூடச் சொல்வேன். கதவைச் சாத்திக்கொள்வாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள், தொண்டையைச் சரிபண்ணிக்கொள்வாள். ஒருத்தர் கேவிக் கேவி அழுவார். ஒருத்தர், "இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா உங்களுக்கு?" என்று கோபித்துக்கொண்டே சிரிப்பார். மற்ற நாளெல்லாம் சந்தாவுக்கும் ஹாலுக்கும் கெஞ்சிக் கெஞ்சித் தேய்ந்த குரல், அன்றைக்கு மட்டும் கல்யாணக் களையோடு இருக்கும்.

அந்த வருஷம் கமிட்டி கூடியபோது அக்கா டீ எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். ஒருத்தர் மேஜையைத் தட்டி, "அந்தச் சந்தைப் புத்தகம் ஒண்ணு போதாதா? இவ்வளவு நாள் கொடுக்காததே நமக்கு வெட்கக்கேடு!" என்று சத்தம் போட, எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்களாம். அக்காவுக்கு அது போதும்.

சந்தைப் புத்தகம் என்பது ஒரு தம்பதி சேர்ந்து எழுதியது. இரண்டு பேரும் பொருளாதாரப் பேராசிரியர்கள், இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பவர்கள். காய்கறிச் சந்தையில் பொழுது சாயச் சாய விலை ஏன் இறங்குகிறது, முதலில் யார் இறக்குகிறார்கள், யார் கடைசிவரை பிடிவாதமாக நிற்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. அட்டையில் கணவர் பெயர் முதலில் இருக்கும். அந்தத் தொழிலில் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. சேர்ந்து எழுதினால் அகர வரிசையில்தான் பெயர் போடுவார்கள், முதல் பெயர் என்பதால் பெரிய ஆள் என்று ஆகாது. இது என் அக்காவுக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கே அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். செயலாளர் வந்து இன்னாருக்கு என்று வாயால் சொன்ன பிறகே ஃபோன் போட வேண்டும் என்பதும் தெரியும். நல்ல சேதியைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை அவளால் இருக்க முடியவில்லை. அலமாரியில் புத்தகத்தைப் பார்த்தாள், முதல் பெயரைப் பார்த்தாள், கை ஃபோனுக்குப் போய்விட்டது.

அந்தப் பெரியவரே எடுத்திருக்கிறார். அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

"என்னையா?" என்றாராம். "நல்லாப் பாத்துத்தான் சொல்றீங்களாம்மா? நானா?"

"உங்களைத்தான் சார்! உங்களை விட்டா வேற யாரு?"

அவர் அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்கும் கண் கலங்கியிருந்தது. இராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் செயலாளர் பையை மேஜைமேல் வைத்துக்கொண்டே, "அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டுடுங்க" என்றார். எந்த அம்மா என்று அக்கா கேட்டிருக்கிறாள். "சந்தைப் புத்தகம் எழுதின அம்மாதான். யோசனையும் அவங்களோடது, உழைப்பும் அவங்களோடது. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே. ஒருத்தருக்குத்தான் கொடுக்கணும்னு விதி இருக்கே, இல்லாட்டி ரெண்டு பேருக்கும் கொடுத்திருப்போம்." சரி சார் என்று சொல்லிவிட்டு அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஃபோன் போட்டு, "ஒரு குடும்பத்து தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேன்டி" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏன்க்கா, நீயும் பொம்பளைதானே? ரெண்டு பேர் இருந்தா அது அந்த ஆம்பளைதான்னு உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் தப்பு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை.

அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை அவளுக்கு. தட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டுக்கு ஃபோன் போடுவாள், அவர்தான் எடுப்பார். இவள் வாயைத் திறக்கும் முன்னால், "அம்மா, ஏற்புரை கொஞ்சம் நீளமா இருந்தா பரவாயில்லையா? மேடைக்கு நீலச் சட்டை எடுபடுமா?" என்று குழந்தை மாதிரிக் கேட்பார். எடுபடும் சார் என்று சொல்லி வைத்துவிடுவாள். செயலாளரிடம் சொல்லித் தொலை என்றேன். "அவர் ரெண்டே வார்த்தையில அந்த மனுஷரை உடைச்சுப் போட்டுடுவார். நான் பண்ணினது, நானே போய்ச் சொல்றேன். நீ கூட வா" என்றாள். போனோம்.

மாடி வீடு. ஹாலில் இரண்டு மேஜைகள் எதிரும் புதிருமாகப் போட்டிருந்தன. ஒன்றில் பெரியவர் எழுதிக்கொண்டிருந்தார். கதவுக் கைப்பிடியில் இஸ்திரி போட்ட நீலச் சட்டை தொங்கியது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாங்க! எனக்கு நல்ல சேதி சொன்ன மகராசி இவங்கதான்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா உயரமாக, ஒட்ட வெட்டிய நரைமுடியோடு வந்து, "சட்டை நான்தான் எடுத்தேன், நல்லா இருக்கா?" என்று சிரித்துவிட்டு டீ போடப் போனார். அக்காவும் பின்னாலேயே அடுக்களைக்குள் போனாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா அடுப்பை அணைத்தார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான் மேடம். உங்களுக்கு மட்டும்தான். நான்தான் முந்திக்கிட்டேன்."

"அன்னைக்கு ஃபோனை நான் எடுத்திருந்தா?"

அக்கா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு, "சாரைக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன் மேடம்" என்றாள்.

எனக்கு அவளை நறுக்கென்று கிள்ள வேண்டும் போல இருந்தது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

"இதையே ஆம்பளைங்க பண்ணினா பழகிப்போச்சு, வலிக்கிறதே இல்லை" என்றார் அந்த அம்மா. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அக்கா பதறிப்போய், "நீங்க சொன்னா கமிட்டியில கெஞ்சிக் கூத்தாடி, சாருக்கே இருக்கட்டும்னு..." என்று இழுத்தாள்.

"அதானே பாத்தேன்! நான் விட்டுக்கொடுக்கணும், அதானே? மாட்டேன். எனக்கு அது வேணும். ஆசையா இருக்கு எனக்கு. போ, நீயே போய் அவர்கிட்ட சொல்லு."

அக்கா ஹாலுக்கு வந்து அவர் மேஜை முன்னால் நின்றாள். "சார்..." என்று ஆரம்பித்தாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார், அடுக்களை வாசற்படியில் நின்ற மனைவி முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு இல்ல, இல்லையா?" என்றார். "நீங்க ஏன்மா பயப்படுறீங்க? எனக்குத் தெரியும். அன்னைக்கு ஃபோனை வெச்ச உடனே தெரிஞ்சுபோச்சு. அந்தப் புத்தகத்துல நான் பண்ணினது கூட்டலும் கழித்தலும். சந்தையில வெயில்ல காஞ்சது இவ, யோசிச்சது இவ. ஆனா உங்களை விட்டா வேற யாருன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டதும் ஆசை வந்துடுச்சு. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னே இருந்தேன். அதுக்குள்ள இவ சட்டை எடுத்துட்டு வந்துட்டா."

"நான் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, என் வீட்டுக்காரருக்கு வந்திருக்குன்னு சொன்னேனே" என்றார் அந்த அம்மா. "பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை. அக்கா, "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க மேடம், எல்லாம் என்னாலதான்" என்றாள். ஆயிரம் தடவை நான் கேட்ட பேச்சு. இந்தத் தடவை எதிர்த்துச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அந்த அம்மா போய்த் தன் மேஜையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஏத்துக்கிறேனான்னு என்னைக் கேக்கணும்ல? கேளு."

"மேடம், இந்த வருஷம் கௌரவ ஃபெலோஷிப்புக்கு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. நீங்க அதை ஏத்துக்கிறீங்களா?"

"இப்படியா அவர்கிட்ட சொன்னே? மனுஷன் உள்ள வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அவர்கிட்ட சொன்ன மாதிரி எனக்கும் சொல்லு."

அக்கா தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டாள். மறுபடி ஆரம்பித்தாள், இரண்டாவது வார்த்தையிலேயே குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். அக்கா இன்னொரு தடவை முயற்சி பண்ணினாள். வார்த்தை எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் ஹால் வாடகை பாக்கிக்கு அவகாசம் கேட்கிற குரலில் வந்தது.

"விடு" என்றார் அந்த அம்மா. "அந்தக் குரல் அவருக்குப் போயிடுச்சு. ஏத்துக்கிட்டேன்னு போய்ச் சொல்லு."