வில்பிரட் தின்ற முத்து

தூத்துக்குடிக் கடற்கரையோரம் கடலட்டை அவித்துக் காயவைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்புகிற கிட்டங்கி ஒன்று இருந்தது. வில்பிரட் அதில் சூப்பர்வைசர். கடலட்டை என்பது கடலடி மணலில் அசையாமல் கிடக்கும் ஒரு ஜீவன். பார்க்க முற்றிய வெள்ளரிக்காய் போல இருக்கும். நம்மூர் நாய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் சீனாக்காரன் அதைத் தேடி வாங்கிச் சூப்பு வைத்துக் குடிக்கிறான் என்றால் சும்மாவா? குடித்தால் கிழவனும் குமரனாகிவிடுவான் என்பது கிட்டங்கியில் எல்லோருக்கும் வேதவாக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் மூட்டை தைக்கிறவர்களிடம் இதைப்பற்றிக் கண்ணடித்துப் பேசுவதில் வில்பிரட்டை மிஞ்ச ஆளில்லை. வாயால் வடை சுடுவதற்கு எண்ணெய்ச் செலவா, விறகுச் செலவா? எழுபத்தாறாம் வருஷம் ஈஸ்டர் கழிந்து வேம்பார் மரியானின் மகள் ஹில்டாவைக் கைப்பிடித்தான். அப்புறம்தான் சட்டியில் என்ன இருக்கிறது என்பது அகப்பையில் தெரிந்தது.

மாமனார் மரியான் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் முங்கியவர். அப்போது தன் கையால் எடுத்த முத்து என்று சொல்லி, ஒற்றை முத்துப் பதித்த பதக்கம் ஒன்றை மகளுக்குப் போட்டு அனுப்பினார். வில்பிரட்டின் தாய் பிளாரன்ஸ் அதைத் தெருவெல்லாம் பேசித் தீர்த்தாள். வில்பிரட்டும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நயம் முத்து. நம்ம தாத்தா சம்மாட்டியில்லா, எனக்குத் தெரியாதா?" என்றான். தாத்தா முத்துக்குளிக்கத் தோணி விட்ட சம்மாட்டிதான். பேரன் முத்தைக் கண்டது நகைக்கடைக் கண்ணாடிக்குள்தான்.

முதலிரவன்று அவன் சரியாகத் தூங்கியே நாளாகியிருந்தது. மதுவிலக்குக் காலம். ஆனாலும் கிட்டங்கி மேஸ்திரி ரோச், "மாப்பிள்ளைக்குத் தெம்பு வேணும்லே" என்று கப்பலிலிருந்து இறங்கிய சரக்கைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டான். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. தட்டிக்கு அந்தப் பக்கம் பிளாரன்ஸ் மகனின் நல்வாழ்வுக்காக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் மகனுக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. "அலுப்பு" என்றான். ஹில்டாவும் தலையை ஆட்டினாள்.

அலுப்பு போன பிறகும் நிலைமை மாறவில்லை. மறுநாள் ஹில்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதே அவனுக்கு, 'இன்றைக்கும் அப்படி ஆகிவிட்டால்?' என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பு வந்தால் போதும், மற்றதெல்லாம் எழுந்து வெளிநடப்புச் செய்துவிடும். படிக்காமல் பரீட்சைக்குப் போன பையனைப் போல ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். வயிற்றுவலி, தலைவலி, சரக்கு ஏற்றுமதி. கடைசியில் வீட்டுக்குப் போகப் பயந்து கிட்டங்கியிலேயே தங்கி வேலை பார்த்தான். முதலாளி மற்றவர்களைக் கூப்பிட்டு, "புது மாப்பிள்ளை எப்படி உழைக்கான் பாருங்கலே" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டு அவனுக்கு அழுகை வந்தது.

யாரும் பார்க்காதபோது ஒரு கடலட்டையை அவித்துத் தின்றும் பார்த்தான். சைக்கிள் டியூபை உப்புப் போட்டுத் தின்றது போல இருந்தது. ஊருக்கெல்லாம் ஆண்மையை மூட்டை கட்டிக் கப்பலேற்றுகிறவனுக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சியது.

மாதா கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டான். கோயில் வாசலில் காணிக்கைக்கு வெள்ளித் தகட்டில் கண், கை, கால் எல்லாம் விற்கிறவளிடம் நின்றான். "என்ன சீக்கு தம்பி?" என்றாள். அவன் தட்டை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு வேண்டிய உறுப்பு அதில் இல்லை. இருந்தாலும் வாங்கியிருக்க முடியுமா என்ன? "முழு ஆளா ஒண்ணு குடுங்க" என்று வாங்கி, உண்டியலில் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'வாலிப வயோதிக அன்பர்களே' நோட்டீஸ் கண்ணில் பட்டது. விளாத்திகுளம் வெள்ளத்துரை வைத்தியர் மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கி வைத்தியம் பார்த்தார். அவர் வில்பிரட்டின் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடினார். "சின்ன வயசுல செஞ்ச தப்பு, நரம்பெல்லாம் தளந்துபோச்சு" என்றார். வில்பிரட் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னான். பாவத்துக்கு இருந்த பரிகாரம் முத்து பஸ்பம்தான்.

"கடை முத்து செல்லாது. பொண்டாட்டி மேனியில பட்ட நயம் முத்தா வேணும். நான் புடம் போட்டுத் தாரேன். தேன்ல கொழைச்சுச் சாப்பிடும். தூத்துக்குடிக்காரருக்கு முத்துக்கா பஞ்சம்?"

அந்தக் கடைசி வார்த்தையில்தான் வில்பிரட் விழுந்தான். வேறு ஊர்க்காரன் என்றால் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பான். முத்துக்குளித்துறைக்காரனுக்கு முத்து என்றால் மூளை வேலை செய்யாது. ஹில்டா குளிக்கப் போன நேரம் பெட்டியைத் திறந்து, பதக்கத்திலிருந்து முத்தைப் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தான். குணமானதும் வேறு முத்து வாங்கிப் பதித்துவிடலாம் என்று எண்ணம். பஸ்பம் வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. விடிந்ததும் கிட்டங்கிக்குப் பின்னால் நின்று தேனில் குழைத்து நக்கினான். வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் கண்ட பலன்.

பஸ்பம் தீருவதற்குள் ஒரு சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானம் வந்தது. போட்டுக்கொள்ளப் பதக்கத்தை எடுத்த ஹில்டா குழியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பதக்கத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"முத்த எங்க கொண்டு போனியன்னு எனக்குத் தெரியும். ஏன் என் பக்கம் திரும்பக்கூட மாட்டேங்கியன்னும் இப்ப வெளங்கிட்டு. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்களே வாயத் தொறந்து சொல்லிருங்க. இல்லன்னா நான் வேம்பாருக்குப் போயிருதேன். திரும்ப வரமாட்டேன்."

வில்பிரட் பதக்கத்தின் குழியை விரலால் தடவினான். லாட்ஜுக்குப் போனது இவளுக்குத் தெரிந்துவிட்டது, பஸ்பம் தின்றதும் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். தெரிந்தவளிடம் சொல்வதில் என்ன கஷ்டம்? ஆனாலும் நாக்கு எழவில்லை. இவள் போய்விட்டால் தனக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஏனென்றால் இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவே அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

அந்த வாரம் கிட்டங்கிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் வந்தது. நெருக்கடி நிலைக் காலம், கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று ஒரே பீதி. நான்கு பிள்ளைக்காரனான ரோச் கடலட்டை மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நாசரேத்துக்காரரான டாக்டர் ஜெபசிங், வில்பிரட்டைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், சிவப்பு முக்கோணப் படத்தை மாட்டிவைத்து, பிள்ளை அதிகம் பிறக்காமலிருக்க வழி சொன்னார். முடிவில் ஆளுக்கொரு ஆணுறைப் பாக்கெட் கொடுத்தார்கள். வில்பிரட்டுக்கும் ஒன்று கிடைத்தது. மொட்டைத் தலைக்குச் சீப்பு கிடைத்தது போல வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

எல்லோரும் போனபின் டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வில்பிரட் பக்கத்தில் போய் நின்றான்.

"டாக்டர், என் கூட்டாளி ஒருத்தன்..."

"கூட்டாளிக்கும் உம்ம வயசுதானா? இதே மீசைதானா?" என்றார் டாக்டர். "உக்காரும்வே. சும்மா சொல்லும்."

வில்பிரட் முகாமுக்கு நேர்மாறான கதையைச் சொன்னான். டாக்டர் சிரிக்கவில்லை. சிகரெட் உண்டா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீரா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு கூசாமல், "காலையில முழிக்கும்போது எப்படி?" என்றார்.

"அப்பம்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். ஆள் இல்லாத நேரத்துல அதுக்கு ஒரு கொறையும் இல்ல."

"அப்ப மிஷினு நல்லாத்தான்வே இருக்கு. இருந்தாலும் மூத்திரம், ரத்தம், பிரஷர் எல்லாம் பாத்துருவோம். சிலபேருக்கு ஒடம்புலயே கோளாறு இருக்கும். பாக்காமச் சொல்லக்கூடாது."

மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நாய் வெரட்டும்போது யாருக்காவது அந்த நெனப்பு வருமாவே? பயந்தா ஒடம்பு ஓடுததுக்குத்தான் தயாராவும். மொத நாளு தூக்கமில்ல, சரக்கு வேற. யாருக்கும் அப்படித்தான் ஆயிருக்கும். அதுக்கப்புறம் உம்ம வெரட்டுதது உம்ம பயந்தான். சின்ன வயசுத் தப்பு, நரம்புத் தளர்ச்சி எல்லாம் சுத்தப் புளுகு. உம்ம வயசுல எத்தன பேரு எங்கிட்ட வாரான் தெரியுமா? ஒருத்தன் மத்தவன்ட்ட சொல்லமாட்டான். அதான் ஒவ்வொருத்தனும் ஊருலயே தனக்கு மட்டுந்தான்னு நெனச்சுச் சாவுதான்."

மருந்துச்சீட்டு எழுதுவார் என்று வில்பிரட் காத்திருந்தான். அவர் எழுதவில்லை. பஸ்பத்தை விடும், சிகரெட்டை விடும், குடியை விடும் என்றார். "கொஞ்ச நாளைக்கு ஒண்ணுக்கும் முயற்சியே பண்ணக்கூடாது. பக்கத்துல படும், கையப் பிடிச்சுக்கிட்டுப் பேசும், அம்புட்டுதான். பரீட்சையே இல்லன்னா பயம் ஏது? அப்பவும் சரியாவலன்னா திரும்ப வாரும். மொதல்ல பொண்டாட்டிட்ட உள்ளதச் சொல்லும்."

"அதுக்குப் பதிலா ஊசி ஏதாவது போடலாமா டாக்டர்?" என்றான் வில்பிரட்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டபின், பிளாரன்ஸ் துக்கம் விசாரிக்க வெளியே போனாள். ஹில்டா தகரப்பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். வேம்பார் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வில்பிரட் வாசலுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு நடை நடந்தான். பிறகு, கசப்பு மருந்தை ஒரே மடக்கில் விழுங்குவது போலச் சொன்னான்.

"ஹில்டா, முத்த நான் தின்னுட்டேன்."

மடித்த சேலை அவள் கையிலேயே நின்றது. "என்னது?"

எல்லாவற்றையும் சொன்னான். ரோச்சின் சரக்கு, தட்டிக்கு அந்தப் பக்கத்து ஜெபமாலை, சைக்கிள் டியூப் அட்டை, வெள்ளித் தகட்டு ஆள், லாட்ஜ், பஸ்பம், டாக்டர். "உன்னப் பிடிக்காமத் திரும்பிப் படுக்கல ஹில்டா. பிடிச்சதுனால வந்த பயம்" என்று முடித்தான். தலையைக் குனிந்துகொண்டு, அவள் பெட்டியை மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அவள் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் நின்றது.

"அப்ப நீங்க அத முத்து யாவாரிட்டக் கொண்டுபோய்க் காட்டலியா?"

"நான் ஏன் காட்டுதேன்?"

"அது முத்தே இல்ல" என்றாள் ஹில்டா. "எங்க அப்பா எடுத்த முத்த அக்கா கல்யாணத்துலயே வித்துட்டாக. இது கண்ணாடி மணி. நான் கழுத்த நீட்டுன நாள்லருந்து, எப்பத் தெரியப்போவுதோன்னு பயந்துக்கிட்டே கெடக்கேன். நீங்க திரும்பிப் படுக்கவும், தெரிஞ்சுபோச்சு, ஏமாத்துன வீட்டுப் பொண்ணத் தொட மனசில்லைன்னு நெனச்சேன். முத்தக் காணலன்னதும் யாவாரிட்டதான் போயிருக்குன்னு..."

வில்பிரட் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஒரே பாயில் இரண்டு பேர், ஆளுக்கொரு போலியை மறைத்துக்கொண்டு, அடுத்தவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நடுங்கிக் கிடந்திருக்கிறார்கள்! அப்புறம் அவனுக்கு இன்னொன்று உறைத்தது.

"கண்ணாடி எப்படிளா பஸ்பமாவும்?"

"ஆவாது."

"அப்ப நான் தின்னது?"

ஹில்டா கொஞ்சம் யோசித்தாள். "வெள்ள வெளேர்னு இருந்துச்சுன்னா சிப்பிச் சுண்ணாம்பாத்தான் இருக்கும். வெத்தலையாவது சேத்துத் தின்னிருக்கலாம்லா."

முதலில் அவள்தான் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சம்மாட்டி பேரன், ஒரு கண்ணைச் சுருக்கி நயம் பார்த்தவன், கண்ணாடி மணியைத் திருடிக் கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கித் தின்றவன், அவனும் சிரித்தான். கல்யாணமான பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. வேம்பார் பஸ் அவள் இல்லாமலே போனது.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். டாக்டர் சொன்னபடி கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். ரோச்சைப் பற்றி, முதலாளியைப் பற்றி, வேம்பார்க் கடலைப் பற்றிப் பேசினார்கள். தட்டியைத் தாண்டிச் சத்தம் போகாமலிருக்கக் காதோடு காதாகப் பேசினார்கள். பரீட்சை இல்லை என்பதால் அவனும் பரீட்சையை மறந்தான். ஒருநாள் டாக்டர் போட்ட தடையையும் மறந்துவிட்டான். அதற்காக அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் வீட்டில் கூடியிருந்தது. ஹில்டா குழி விழுந்த பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காப்பி கொண்டுவந்தாள். பிளாரன்ஸ் கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஏளா, முத்த எங்களா?"

எல்லோரும் பதக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வில்பிரட் காப்பித் தம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். ஹில்டா தட்டத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க மவன் தின்னுட்டாக மாமி."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மருமகள் எங்கோ தொலைத்துவிட்டு வாய்ச்சாலகமாகச் சமாளிக்கிறாள் என்று நினைத்த பிளாரன்ஸும் வெடுக்கென்று, "தின்னா தின்னுட்டுப் போறான். முத்து ஒடம்புக்கு நல்லதுதானளா" என்றாள்.

ஹில்டா வில்பிரட்டைப் பார்த்தாள். "நல்லதுதான் மாமி" என்றாள்.