அண்ணனின் காதில் அரைக் கட்டை

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அண்ணனைப் பற்றிச் சொல்ல நல்லது மட்டும்தான் இருக்கிறது. கெட்டது என் பங்கு. அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுமலையில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். பஜனை மடத்து ஆர்மோனியத்தில்தான் முதலில் கை வைத்தார். எந்த ஓசை கேட்டாலும் அது எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார். பஸ் ஹாரன், பம்புசெட், எங்கள் வீட்டு மிக்ஸி, எதுவும் தப்பாது. அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு அம்மாவையும் தங்கை என்னையும் பரவைக்கு அழைத்து வந்தார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தே எங்களைக் காப்பாற்றினார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார், தான் செய்துகொள்ளவில்லை. எனக்கோ பாட்டு என்றால் சுத்த ஞானசூனியம். "ஒனக்குச் சினிமாப் பாட்டும் ஒப்பாரியும் ஒண்ணுதான்த்தா" என்று சிரிப்பார். உண்மைதான்.

நாற்பத்தெட்டு வயதில், திருவிழா மேடையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றது. பத்தே நாளில் வேறு தொல்லை. கீபோர்டில் ஐந்து கட்டையை அழுத்தினால் நாலரையாகக் கேட்கிறது என்றார். பெட்டிதான் பழுது என்று கழற்றிப் பார்த்தார். அது சரியாக இருந்தது. கோயில் மணி, ஹாரன், மிக்ஸி எல்லாமே அவர் காதுக்கு அரைக் கட்டை இறங்கியிருந்தன. விரல் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொல்ல, மேடையில் தடுமாறினார். பாடகர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி முறைத்தாராம். "அண்ணே, கொஞ்ச நாள் வீட்ல இருங்கண்ணே" என்று குழுத் தலைவர் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"மாத்திரை தின்ன பெறகுதான்த்தா இப்படி. ஊரே பொய் பேசுற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன்.

நான் எரிந்து விழுந்தேன். "காது கேக்குதுல்ல, போதாதா? அரைக் கட்டை கொறஞ்சா குடியா முழுகிப் போச்சு? எனக்கு ஒரு கட்டையும் தெரியாது. நான் இம்புட்டு நாளு வாழலையா?"

அடுத்த மாதம் டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். "மாத்திரை ஒத்துக்குதா? வேற ஏதும் தொந்தரவு இருக்கா?" என்று அவர் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார். இதைப் போய்ச் சொன்னால் மூளைக் கோளாறு என்று எழுதிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். "ஒண்ணும் இல்லைங்க டாக்டர், நல்லா இருக்காரு" என்று முந்திக்கொண்டேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மிக்ஸி ஓடும்போது முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். "இப்ப சரியாக் கேக்குதுத்தா." பழகிவிட்டது என்று நினைத்தேன், பாவி. மூன்றாம் நாள் குளிக்கப் போனவருக்கு வலிப்பு வந்து, தொட்டித் தண்ணீரில் முகம் கவிழ்ந்துவிட்டது. பக்கத்து வீட்டார் கதவை உடைத்தபோது மூச்சில்லை. கீபோர்டு பையில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன.

காரியம் முடிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "இந்த மாத்திரை சிலருக்குக் காதை இப்படிப் பண்ணும்மா. சொல்லியிருந்தா வேற மாத்திரைக்கு மாத்தியிருக்கலாம். நான் கேட்டேனேம்மா" என்றார்.

கதவை உடைத்துத் தூக்கிய அண்டை வீட்டாருக்கும், ஆம்புலன்ஸில் கூட வந்தவர்களுக்கும், கடைசிவரை நின்று அடக்கம் செய்த குழுவினருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. அந்த டாக்டருக்கும்தான்.

அம்மா ஒரு வருடமாக அவரைத்தான் சபிக்கிறார். "வெளங்குவானா அவன்? எம்மகனுக்கு என்னத்தக் கொடுத்தானோ!" பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மகனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று உங்களில் யாரிடமாவது கேட்பார். என் வாயால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள்.