ஒரு அங்குலம் அதிகம்

குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொத்தனாரின் வேலியை அளந்துகொண்டிருக்கிறார் டேப்பு சார். மணி ஏழரை. நகராட்சி அலுவலகம் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. இருந்தாலும் கை சும்மா இருக்காது. கட்டட ஆய்வாளரான அவர் வேலைக்குப் போகும் வழி எங்கள் தெரு. எங்கள் தலையெழுத்து.

சட்டைப் பையில் மூன்று பேனா, காதிடுக்கில் சாக்பீஸ், இடுப்பில் இரும்பு டேப்பு. வேலி நாலடியைத் தாண்டினால் அதன்மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. குப்பைத்தொட்டி வாசலைத் தாண்டினால் அதற்கும் ஒன்று. ஏழு மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லையே என்றால், "அது என் செக்‌ஷன் இல்லீங்க" என்பார். சாக்கடைக்கு மூடி இல்லாததும் அவர் செக்‌ஷன் இல்லை.

யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். "நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாருங்க." லஞ்சம் வாங்காதவர்தான், அதை நான் மறுக்கவில்லை. "வாங்குறவன்கிட்டயாவது பேசிப் பாக்கலாம்" என்று கொத்தனார் தலையில் அடித்துக்கொள்கிறார்.

போன வாரம் தையல்கார அக்கா வீட்டில் நின்றார். அக்காவின் கணவர் சாரத்திலிருந்து விழுந்து சக்கர நாற்காலியோடு ஆகிவிட்டவர். வாசலில் நாலு படி. அவரைத் தூக்கி இறக்க ஒன்றரை வருடம் ஆள் தேடி அலுத்துப்போய், கொத்தனாரை வைத்துச் சுவரை ஒட்டி ஒரு சாய்தளம் போட்டார் அக்கா, கைப்பிடியோடு. விதியும் கேட்டு வைத்திருந்தார்: சுவரிலிருந்து நாலடிக்கு மேல் எதுவும் வெளியே வரக்கூடாது.

டேப்பு சார் அளந்தார். "நாலடி ஒரு அங்குலம். இடிச்சுடுங்கம்மா."

பத்தொன்பது வருடமாகத் துணி அளக்கிறவரிடமா இது நடக்கும்?

"சார், உங்க டேப்பு முனை ஒடைஞ்சிருக்கு பாருங்க. மொத அங்குலமே காணோம், ஒண்ணுலேருந்துதான் ஆரம்பிக்குது. அதைக் கழிச்சா சரியா நாலடிதானே?"

முனையைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். "இது ஆபீஸ்ல கொடுத்த டேப்பும்மா. அது என்ன காட்டுதோ அதைத்தான் நான் எழுத முடியும்."

அக்கா உள்ளே ஓடிப்போய்த் தன் டேப்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அது துணி தைக்கிற டேப்பு. செல்லாது."

இத்தனை வருடத்தில் எத்தனை வேலியை, எத்தனை சுவரை இந்த ஒரு அங்குலத்துக்காக இடித்தார்களோ! அந்தக் கணக்கு அவருக்கும் ஓடியது என்பது முகத்திலேயே தெரிந்தது. தெரிந்தும் அதே டேப்பைச் சுருட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு போனார் பாருங்கள், எனக்கு அதுதான் ஆறவில்லை.

இன்று வேலியை அளந்து முடித்த கையோடு அக்கா வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டப் போனார். ஏழு நாளில் இடிக்காவிட்டால் நகராட்சியே வந்து இடிக்குமாம். நோட்டீஸைக் கதவில்தான் ஒட்ட வேண்டும், அதுவும் விதி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்தபடி அக்காவின் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப்பு சாருக்கு முழங்கால் வலி உண்டு. நாலு படியையும் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். பிறகு பசை டப்பாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை இறுகப் பிடித்து, சாய்தளத்தின் வழியே மெல்ல ஏறிப் போனார்.