கங்கம்மாவுக்கு வைத்திருந்த எண்ணெய்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் நிறைய இருக்கும், மன்னிக்க வேண்டும். நான் நான்காம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடித்த அளவுக்குப் பேனா பிடித்ததில்லை. போன மாதம் என் வண்டியில் வந்த வாத்தியார் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வாயால சொன்னா நம்ப மாட்டாங்க ஏழுமலை, எழுதி வை" என்றார். எழுதினால் மட்டும் நம்புவார்களா என்று எனக்குத் தெரியாது. நம்பாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பேய், சாமி இறங்குவது, கண்ணேறு இதையெல்லாம் நான் நம்பியவன் இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் சித்தூரிலிருந்து திருப்பதிக்கும் புத்தூருக்கும் வாடகைக் கார் ஓட்டியவன், எத்தனையோ தடவை சுடுகாட்டு ஓரம் டயர் மாற்றியிருக்கிறேன், ஒரு நரியைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. வண்டி நின்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லையென்றால் கரெண்ட் வரவில்லை, இந்த இரண்டுதான் காரணம் என்பது என் எண்ணம். அந்த ஒரு நாளைத் தவிர இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால், சித்தூர் எங்களுக்கா உங்களுக்கா என்று தமிழ்க்காரர்களும் தெலுங்குக்காரர்களும் மாறி மாறிக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கடையடைப்பு. பஸ் இல்லை. பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. காருக்குச் சொந்தக்காரரான என் முதலாளி வயிற்றுவலி முற்றித் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் காலையில் வயிற்றைக் கிழித்துப் பார்க்கப் போகிறார்கள், பிழைப்பது கஷ்டம், சம்சாரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறார் என்று சைக்கிளில் வந்த ஆள் ஒருவன் காலையில் சொல்லிவிட்டுப் போனான். முதலாளியம்மா அழவில்லை. கொல்லையில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்து, "ஏழுமலை, பொழுது சாயறதுக்குள்ள என்னைக் கொண்டுபோய் விட்டுடுவியா?" என்று மட்டும் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

ஆனால் முதலாளி படுத்ததிலிருந்து வண்டி கொட்டகையிலேயே நின்றிருந்தது. பானெட்டைத் தூக்கினேன், கீல் இரண்டும் துரு ஏறி வீறிட்டன. உள்ளே என்ஜின் தலைமேல் எலி கூடு கட்டியிருந்தது. வைக்கோல், பஞ்சு, அதோடு கிழித்த நோட்டீஸ் காகிதம். சித்தூர் தமிழர்களுக்கே என்று ஒரு துண்டு, அதையே தெலுங்கில் மறுத்து ஒரு துண்டு, இரண்டையும் சேர்த்து மெத்தை போட்டுக் குட்டி போட்டிருந்தது. எலிக்கு எல்லைத் தகராறு கிடையாது போலிருக்கிறது. அந்தக் கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கூட்டை எடுத்து வைக்கோல் போரில் வைத்துவிட்டு, கார்பரேட்டர் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பழைய வேட்டித் துணியால் இறுகக் கட்டினேன். அதற்குள் ஈரம் போனால் வண்டி ஜென்மத்துக்கும் கிளம்பாது. வீட்டில் அரிக்கன் விளக்குகளில் இருந்த கிரசினை எல்லாம் வடித்து, பிரஷ்ஷை முக்கி, மேலிருந்து கீழே தேய்த்துக்கொண்டே வந்தேன். களிம்பு மாதிரி அப்பியிருந்த அழுக்கு கரைந்து கருப்புச் சாறாக இறங்கியது. வேஸ்ட் பஞ்சால் துடைத்தபின் இரும்பு இரும்பாகத் தெரிந்தது. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். யாரோடும் பேச வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணெய் விடுவது. கிரீஸ் கொஞ்சம் டப்பாவில் இருந்தது, முன்சக்கரத்துக்கு அது போதும். எண்ணெய்தான் துளி இல்லை. ஆக்சிலேட்டர் கம்பியின் மூட்டு ஒவ்வொன்றும் இறுகிப் போயிருந்தது. பெடலை மிதித்தால் மிதித்த இடத்திலேயே நிற்கும், திரும்பி வராது. அப்படியே ரோட்டில் எடுத்துப் போனால் எதிலாவது மோதித்தான் நிற்க வேண்டும். டைனமோவுக்கும் விசிறிக்கும்கூட இரண்டு சொட்டு விட்டே ஆக வேண்டும். கடையோ ஒன்றும் திறந்திருக்கவில்லை.

முதலாளியம்மாவின் தம்பி முனிரத்தினம் பக்கத்தில் குந்திக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாத ஆள்.

"இன்னா டிரைவரே, கார ஓட்டப் போறியா, கல்யாணம் பண்ணப் போறியா? காலைலேந்து குளிப்பாட்டிக்கினே கீறே."

"எண்ணெ இல்ல. எண்ணெ இல்லாம எடுக்க முடியாது."

"எந்த எண்ணெ?"

"எதுனா ஒண்ணு. பிசுபிசுப்பா இருந்தா போதும்."

"இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறே? இரு." என் எண்ணெய்க் கேனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனவன், நிறைத்து எடுத்து வந்தான். விளக்கெண்ணெய். நல்ல கெட்டியான, பழைய எண்ணெய். பரவாயில்லை, ஒரு பயணத்துக்கு நன்றாகப் பிடிக்கும் என்று மூட்டு மூட்டாக விட்டேன். கம்பியை முன்னும் பின்னும் ஆட்டினேன், வெண்ணெய் மாதிரி நழுவியது. சோக் ஒயர், பானெட் கீல், கொக்கி, டைனமோ, எதையும் விடவில்லை. கேன் காலியாகிவிட்டது. முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. மத்தியானம் சாய்ந்ததும் புறப்பட்டோம். முனிரத்தினம் முன்னால், அம்மா பின்னால்.

வழியெல்லாம் வெயில் கொளுத்தியது. வண்டி ஒரு இடத்தில்கூட முனகவில்லை. சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டை ஒட்டி ஒரு பாறை உண்டு. அதன் அடியில் மஞ்சள் பூசிய ஒரு கல்தான் கங்கம்மா. கூரை கிடையாது, பூசாரி கிடையாது, கல்லில் குடைந்த ஒரு அகல் மட்டும் இருக்கும். சரியாக அந்தப் பாறைக்கு நேராக வரும்போது என்ஜின் நின்றது. இருமவில்லை, குலுக்கவில்லை, யாரோ கையால் அணைத்த மாதிரி நின்றது. வெளிச்சம் மஞ்சளாக மாறியிருந்த நேரம்.

"நல்லதாப் போச்சி, இங்கதான் நிறுத்தச் சொல்ல இருந்தேன்" என்றார் அம்மா. "முனி, பின்னால பெட்டில எண்ணெ டின்னு வெச்சேன், எடுத்துகினு வா."

முனிரத்தினம் நகரவில்லை.

"இன்னாடா?"

"எந்த டின்னுக்கா? சாமி ரூம்ல இருந்ததா?"

"மஞ்ச நூலு கட்டி வெச்சது. அவரு படுத்த அன்னிக்கே முடிஞ்சி வெச்சேன், நானே என் கையால கங்கம்மாவுக்கு ஊத்தறேன்னு."

"அது... வண்டிக்கு ஊத்திட்டோம்க்கா. டின்ன மறுபடி அங்கயே வெச்சிட்டேன். நீ அவசரத்துல காலி டின்னத்தான் எடுத்துகினு வந்திருக்கறே."

எங்கள் பக்கத்தில் சாமிக்கென்று நூல் கட்டி வைத்த எண்ணெயை வீட்டு விளக்குக்குக்கூட எடுக்க மாட்டார்கள். தலையில் தடவ மாட்டார்கள். அம்மா திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக இறங்கி அந்தக் கல்லின் முன்னால் போய் உட்கார்ந்தார். முந்தானையால் அகலைத் துடைத்தார். உள்ளே ஒரு சருகும் மண்ணும்தான் இருந்தன, அவர் தட்டிக் கொட்டியதை நான் பார்த்தேன், முனிரத்தினமும் பார்த்தான். "அவரு போய்ட்டாருடா" என்று சாதாரணமாகச் சொன்னார், பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. அந்தக் குரலை என்னால் கேட்க முடியவில்லை. திரும்பி வந்து பானெட்டைத் திறந்தேன்.

கீல் வீறிட்டது. காலையில் நான் எண்ணெய் விட்ட கீல்.

இனி நான் சொல்வதை நம்பினால் நம்புங்கள். சித்தூரிலிருந்து வெயிலில் ஓடி வந்த என்ஜின், நின்று ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ரேடியேட்டர் மூடியைத் துணி சுற்றிப் பிடித்தேன், சூடு தெரியவில்லை. துணியை எடுத்துவிட்டுப் பிடித்தேன். பிறகு என்ஜின் தலைமேல் வலது உள்ளங்கையை முழுதாக வைத்தேன். மார்கழி விடியற்காலையில் கிணற்றுக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. சில்லென்று, ஈரமில்லாத குளிர். கையை எடுக்கத் தோன்றவில்லை, எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்றும் தெரியவில்லை. ஆக்சிலேட்டர் மூட்டுகளைப் பார்த்தேன். உலர்ந்து, சாம்பல் நிறமாக, எண்ணெயே காணாத இரும்பாக இருந்தன. விரலால் தேய்த்தேன், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. சூட்டில் எண்ணெய் காய்ந்தால் பிசுக்காவது நிற்கும். பிசுக்குக்கூட இல்லை.

"டிரைவரே" என்று முனிரத்தினம் கூப்பிட்டான். அந்த மாதிரி அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓடிப்போனேன்.

அகலில் எண்ணெய் இருந்தது. விளிம்பு வரை, தளும்புகிற மாதிரி. அம்மா எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான், நான் எதுவும் செய்யவில்லை என்கிற மாதிரி. நான் குனிந்து முகர்ந்தேன். விளக்கெண்ணெய் வாசனை, அதோடு லேசாக கிரசின் வாசனை. எண்ணெயின் நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு கருப்பு இழை சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் கருப்பை எனக்குத் தெரியும். காலையெல்லாம் என் நகக்கண்ணில் இருந்த கருப்பு.

அம்மா மடியில் முடிந்து வைத்திருந்த திரியை எடுத்துப் போட்டார். முனிரத்தினம் தீப்பெட்டியை நீட்டினான், இரண்டு குச்சி வீணானது. மூன்றாவது குச்சியில் விளக்கு எரிந்தது. காற்று இருந்தும் சுடர் ஆடவில்லை என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், எல்லா விளக்கும் ஆடுகிற மாதிரிதான் ஆடியது.

ஹாண்டிலை ஒரு சுற்றுதான் சுற்றினேன். கிளம்பிவிட்டது. உலர்ந்த மூட்டுகளோடு பயந்து பயந்து ஓட்டினேன், பெடல் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே நர்சம்மா எங்களைப் பார்த்து, "இப்புடா வச்சேதி?" என்று கத்தினாள், இப்போதுதான் வருகிறாயா என்று. அம்மாவை உள்ளே அழைத்துக்கொண்டு போகும்போதே தெலுங்கில் சொல்லிக்கொண்டு போனாள். சாயங்காலம் உடம்பு முழுக்கச் சில்லிட்டுவிட்டதாம், நாடி கிடைக்கவில்லையாம், டாக்டரே கையை உதறிவிட்டாராம். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தானாகச் சூடு திரும்பியதாம். நான் வாசலிலேயே நின்று என் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் வயிற்றைக் கிழித்தார்கள், முதலாளி பிழைத்தார். இன்றைக்கும் இருக்கிறார். முனிரத்தினம் இப்போது, டின்னில் மிச்சம் இருந்ததைத் தான்தான் அகலில் ஊற்றியதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படிச் சொன்னால் அவனுக்குத் தூக்கம் வருகிறது போலிருக்கிறது, சொல்லட்டும். ஒரு தடவை நான் கேட்டேன், "அப்ப என்ஜினு ஏன் குளுந்துகினு இருந்திச்சி?" என்று. "நீ இன்னாத்தத் தொட்டியோ, எனக்கு இன்னா தெரியும்?" என்று எழுந்து போய்விட்டான்.

நான் எதைத் தொட்டேன் என்று எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து என் வலது உள்ளங்கையில் சூடு தெரிவதில்லை. கொதிக்கிற சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கி வைத்துவிடுவேன், கொப்பளமும் வராது. மற்றபடி கை நன்றாக வேலை செய்கிறது. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், வலித்தது. நரம்பு என்றார். எந்த நரம்பு என்று சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையென்றால், "அந்தக் கைய வெச்சிப் பாக்காதே, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று என் சம்சாரம் தள்ளிவிடுவாள். நானும் இடது கையால்தான் பார்ப்பேன். எனக்கும் இதெல்லாம் பழகிவிட்டது, அலுத்தும் விட்டது.

நேற்று என் சின்னப் பெண்ணுக்கு நல்ல காய்ச்சல். மறந்துபோய் வலது கையை அவள் நெற்றியில் வைத்துவிட்டேன். சட்டென்று எடுக்கப் போனேன். அவள் கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எடுக்காதே நைனா, சில்லுனு நல்லா இருக்குது" என்றாள். காய்ச்சல் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கையை எடுக்கலாமா, வைத்திருக்கலாமா என்றும் தெரியவில்லை. அவள் தூங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

22-1-1961, ஞாயிற்றுக்கிழமை, சித்தூர்.